காய்ந்த ஆரஞ்சும் டிசம்பர்க் காற்றும்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஜெர்மனி, ஸ்வீடன், இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பல வீட்டுச் சமையலறைகளில் ஆரஞ்சு வாசனை நிறைந்துவிடும். ஆரஞ்சைக் குறுக்கே வில்லைகளாக அரிந்து, மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, நூலில் கோத்து, சன்னலிலும் கிறிஸ்துமஸ் மரத்திலும் தொங்கவிடுகிறார்கள். கூடவே ஆப்பிள் வில்லை, பட்டை, அன்னாசிப்பூ, பைன் கூம்பு. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் அந்த ஊர்களில், தாழ்வாகச் சாய்ந்து வரும் கொஞ்ச நேர வெயில் காய்ந்த ஆரஞ்சின் ஊடே புகுந்து அறைக்குள் தேன் நிறத்தில் விழுகிறது. கடையில் வாங்கும் எந்த அலங்காரத்திலும் இந்த அழகை நான் கண்டதில்லை.

நம் ஊரிலும் இதைச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடலோர ஊர்களில் செய்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் சொல்வார்கள். அடுப்பிலிருந்து எடுத்து ஆறவைத்தபோது விறைப்பாக இருந்த வில்லை, இரண்டு மூன்று நாளில் பிசுபிசுத்தது. பிறகு எறும்பு வந்தது. அதற்கும் பிறகு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்தது. சரியாகக் காயவைக்கவில்லை போலிருக்கிறது என்று தங்கள் மேலேயே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. ஒரு பழத்தை நாம் எவ்வளவு உலர்த்தினாலும், அது எவ்வளவு உலர்ந்த நிலையில் நீடிக்கும் என்பதை அறையின் காற்றுதான் முடிவு செய்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எந்த ஊரில் எதைக் காயவைக்கலாம் என்பது தானே தெளிவாகிவிடும்.

பழத்தை மரத்தில் தொங்கவிடும் வழக்கம் கண்ணாடிக் குண்டுகளைவிட மூத்தது. ஐரோப்பாவில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாளாகவும் கொண்டாடப்பட்டது. அன்று நடிக்கப்பட்ட ஏதேன் தோட்ட நாடகங்களில் ஆப்பிள் தொங்கும் மரம் ஒன்று நிற்கும். 1605ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பு, அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டுக் கூடங்களில் ஊசியிலை மரங்களை நிறுத்தி, பல வண்ணக் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் பொன்னிறத் தகடுகளையும் இனிப்புகளையும் தொங்கவிட்டார்கள் என்கிறது. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியிலுள்ள லவுஷா என்ற ஊரில் கண்ணாடி ஊதும் குடும்பங்கள் மரத்துக்கான குண்டுகளைச் செய்யத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான்.

காய்ந்த பழத்துக்கென்றே தனி மரபுகளும் அங்கே உண்டு. நியூரம்பர்க் நகரின் கிறிஸ்துமஸ் சந்தையில் உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கைகால் ஆக்கி, அக்ரூட் கொட்டையைத் தலையாக வைத்து, துணி உடுத்திய பொம்மைகளை இன்றும் விற்கிறார்கள். டிரெஸ்டன் நகரத்தில் அதே உலர்ந்த பிளம், தோளில் ஏணியுடன் புகைபோக்கி துடைப்பவனாக உருவெடுக்கிறது. 1434இல் தொடங்கிய டிரெஸ்டன் சந்தையின் அடையாளங்களில் இந்தக் கறுத்த குட்டி மனிதனும் ஒருவன். உலர்ந்த பிளம் ஏன் உடையாமல் மெத்தென்று வளைந்துகொடுக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதில் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உள்ளது. அது தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள். அதனால் பிளம் ஒருபோதும் முழுக்க விறைப்பதில்லை.

ஆரஞ்சுக்கு வருவோம். ஸ்பெயின், இத்தாலி முதலிய மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆரஞ்சு பழுப்பது குளிர்காலத்தில். மற்ற பழங்களெல்லாம் ஓய்ந்துபோன வடக்கு ஐரோப்பாவின் டிசம்பருக்கு, கப்பலிலும் ரயிலிலும் வந்துசேர்ந்த ஒரே நிறம் அதுதான். அந்த நிறத்துக்கும் குளிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆரஞ்சுத் தோலிலுள்ள பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் வெளியே தெரிய இரவுக் குளிர் தேவை. வெப்பநாடுகளில் நன்றாகப் பழுத்த ஆரஞ்சுகூடப் பச்சைத் தோலோடு நிற்பது இதனால்தான். நம் கடைகளில் சாத்துக்குடி என்று விற்பதும் தாவரவியல்படி இனிப்பு ஆரஞ்சு இனமே. அதன் வெளிறிய பச்சை மஞ்சளுக்கும் வெப்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி ஓர் ஆரஞ்சைக் குறுக்கே அரிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளி விளிம்பில் வண்ணத்தோல். அதில் கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளிகள்தான் எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றிலுள்ள எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன். அடுத்து வெள்ளைப் பஞ்சுத்தோல். பெக்டினும் செல்லுலோஸும் கொண்ட இந்த அடுக்கில் காற்றிடைவெளிகள் நிறைந்திருப்பதால் ஒளி சிதறி வெண்மையாகத் தெரிகிறது. உள்ளே பத்துப் பன்னிரண்டு சுளைகள், அவற்றைப் பிரிக்கும் சுளைத்தோல்கள், ஒவ்வொரு சுளைக்குள்ளும் நூற்றுக்கணக்கான சாறுப்பைகள். சாற்றில் 87 சதவீதம் அளவுக்குத் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரை, கொஞ்சம் சிட்ரிக் அமிலம். சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி சுக்ரோஸ், கால் பங்கு குளுக்கோஸ், கால் பங்கு ஃபிரக்டோஸ். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தொல்லைக்கும் எல்லா அழகுக்கும் காரணம் இந்தச் சர்க்கரைதான்.

வில்லையின் கனம் அரை சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று செய்முறைகள் சொல்லும். காரணம் சொல்வதில்லை. மேற்பரப்பு காய்ந்தபிறகு, நடுவிலிருக்கும் நீர் மூலக்கூறுகள் கெட்டியாகிக்கொண்டிருக்கும் சதையின் ஊடே தட்டுத்தடுமாறி வெளியே வரவேண்டும். இந்தப் பரவல் வழியே நடக்கும் பயணத்தின் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஒரே தட்டில் மெல்லியதும் தடித்ததுமாக வில்லைகளைப் பரப்பினால், மெல்லியது கருகும்போதும் தடித்தது ஈரமாகவே இருக்கும். கனத்தைவிட முக்கியம் எல்லாம் ஒரே கனத்தில் இருப்பது.

அடுப்பில் நடப்பது இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் வில்லையின் மேற்பரப்பு முழுக்க ஈரம். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க 335 கிலோஜூல் ஆற்றல் போதும். அதே தண்ணீரை அந்த நிலையில் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அடுப்பு கொடுக்கும் வெப்பத்தையெல்லாம் ஆவியாதல் விழுங்கிக்கொள்வதால், அடுப்பு 100 டிகிரியில் இருந்தாலும் வில்லை அதைவிட வெகுவாகக் குறைந்த வெப்பத்திலேயே இருக்கும். நிறம் மாறாது. இந்தக் கட்டத்தில் வெளியேறும் ஆவி அடுப்புக்குள்ளேயே தேங்கினால் உலர்வது தடைப்படும். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகிவைப்பதும், விசிறி உள்ள அடுப்பு விரைவில் காயவைப்பதும் ஆவியை அப்புறப்படுத்தத்தான்.

இரண்டாம் கட்டம்தான் ஆபத்தானது. மேற்பரப்பு உலர்ந்து, ஆவியாதல் மெதுவாகும்போது குளிர்விக்க ஆளில்லாமல் வில்லையின் வெப்பம் மளமளவென்று அடுப்பின் வெப்பத்தை எட்டுகிறது. மூன்று மணி நேரம் பொறுமையாக இருந்த வில்லை, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பழுப்பாகிக் கருகுவது இதனால்தான். 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்த வினை, சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறப் பொருள்களை உண்டாக்குவது. அதோடு ஆரஞ்சில் ஏராளமாக உள்ள வைட்டமின் சி சிதைந்தும் பழுப்பு நிறம் வரும். ஆகவே தொடக்கத்தில் 100 டிகிரி இருக்கலாம். ஓரம் காய்ந்து விறைக்கத் தொடங்கியதும் 70 அல்லது 80க்கு இறக்கிவிட வேண்டும். உணவு உலர்த்தி வைத்திருப்பவர்கள் 60 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ விடுகிறார்கள். நிறத்தைப் பொறுத்தவரை அதுவே சிறந்த வழி. அவசரப்பட்டு 150 டிகிரியில் வைத்தால் வேறொரு கோளாறும் நேரும். நீர் வேகமாக வெளியேறும்போது சர்க்கரையும் மேற்பரப்பில் செறிந்து ஓடுபோல் இறுகிவிடும். உள்ளே சிக்கிய ஈரம் பிறகு மெல்லக் கசிந்து, காய்ந்ததாக நினைத்த வில்லையை ஒரு வாரத்தில் கெடுக்கும்.

காய்ந்துவிட்டதா என்று சூடாக இருக்கும்போது தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டில் அது ரப்பர்போல் வளையத்தான் செய்யும். ஆறியபின் வளைத்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல்தான் இந்த அலங்காரத்தின் உயிர்நாடி.

சர்க்கரைக் கரைசலிலிருந்து நீர் மெல்ல வெளியேறும்போது, சர்க்கரை மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகலாம். ஆனால் ஆரஞ்சுச் சாற்றில் மூன்று வகைச் சர்க்கரையும் அமிலமும் பெக்டினும் கலந்திருப்பதால் ஒன்றை ஒன்று அடுக்கவிடாமல் தடுக்கின்றன. படிகமாக வழியில்லாமல், நீர்மத்தின் ஒழுங்கற்ற அமைப்போடு அப்படியே உறைந்து நிற்கிறது. இயற்பியலில் இதற்குக் கண்ணாடி நிலை என்று பெயர். சன்னல் கண்ணாடியில் சிலிக்கா இருக்கும் நிலையும் இதுவே. ஒளியைச் சிதறடிக்கப் படிகங்களின் விளிம்புகளோ காற்றுக் குமிழிகளோ அதிகம் இல்லாததால் ஒளி நேராக ஊடுருவிச் செல்கிறது. சாறுப்பைகள் ஒடுங்கி மெல்லிய கண்ணாடித் தகடாகின்றன. செல்லுலோஸால் ஆன சுளைத்தோல்கள் சக்கரத்தின் ஆரக்கால்களாக நிற்கின்றன. கரோட்டினாய்டுகள் அந்தக் கண்ணாடிக்கு நிறம் கொடுக்கின்றன. 200 கிராம் பழம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியபின் நம் கையில் இருப்பது இந்த நுண்ணிய கட்டமைப்பு.

கண்ணாடி நிலைக்கு ஒரு வெப்ப எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இளகி ஒட்டத் தொடங்கும். ஈரமே இல்லாத சுக்ரோஸுக்கு அந்த எல்லை 60 டிகிரிக்கு மேல். குளுக்கோஸுக்குச் சுமார் 30. ஃபிரக்டோஸுக்கோ வெறும் 5 டிகிரி அளவில். ஈரம் சேரச் சேர இந்த எல்லைகள் இன்னும் கீழே இறங்கும். ஓரிரு சதவீத நீர் ஏறினாலே பல டிகிரி குறைந்துவிடும். அதாவது ஆரஞ்சு வில்லை எப்போதும் கண்ணாடிக்கும் பிசினுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டின் மேலேயே வாழ்கிறது. மழைக்காலத்தில் டப்பாவை மூட மறந்த அப்பளம் நமத்துப்போவதும் இதே கதைதான். அங்கே மாவுச்சத்து, இங்கே சர்க்கரை.

நமத்துப்போவது அழகைக் கெடுக்கும். பூஞ்சை பிடிப்பது பொருளையே கெடுக்கும். ஒரு பொருளில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீர் எவ்வளவு தூரம் கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே நுண்ணுயிர்களின் வளர்ச்சியை நிர்ணயிக்கிறது என்பதை 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் தம் ஆய்வுகளால் நிலைநாட்டினார். நீர்ச்செயல்பாடு என்ற அந்த அளவு தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும். சாதாரணப் பூஞ்சைகளுக்கு 0.8 அளவில் போதும். வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகள் 0.65 வரைகூட மெல்ல வளரும். 0.6க்குக் கீழே எதுவும் வளராது. சர்க்கரையும் உப்பும் நீரைக் கட்டிப்போட்டு இந்த அளவைக் குறைப்பவை. உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த நார்த்தங்காய் நம் வீட்டுப் பானையில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பது அதனால்தான்.

இப்போது காற்றின் பங்கு. திறந்தவெளியில் தொங்கும் ஒரு பொருள், தன் நீர்ச்செயல்பாடு காற்றின் ஒப்பு ஈரப்பதத்தோடு சமமாகும்வரை ஈரத்தை வாங்கும், அல்லது விடும். 80 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் தொங்கும் வில்லை நாளடைவில் 0.8 என்ற நீர்ச்செயல்பாட்டை எட்டியே தீரும். அது பூஞ்சைக்கு வாசல் திறந்த நிலை. அடுப்பில் நாலு மணி நேரம் வைத்தாலும் நாற்பது மணி நேரம் வைத்தாலும் முடிவு ஒன்றுதான்.

குளிர்நாட்டின் கணக்கு வேறு. வெளியே பூஜ்யம் டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் இருக்கிறது என்று வையுங்கள். கேட்க ஈரமாகத் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் ஏந்த முடியாது. ஒரு கன மீட்டர் காற்றில் அப்போது இருப்பது 4 கிராம் அளவு நீராவி. அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து, வெப்பமூட்டியால் 20 டிகிரிக்குச் சூடாகும்போது 17 கிராம்வரை ஏந்தும் திறன் பெறுகிறது. இருப்பதோ அதே 4 கிராம். ஆகவே அறையின் ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சமையலும் குளியலும் மூச்சும் கொஞ்சம் கூட்டினாலும், பூஞ்சைக்குத் தேவையான அளவை நெருங்குவதே இல்லை. உதடு வெடிக்கிறது, தோல் வறள்கிறது என்று ஆஸ்லோவிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம் உறவினர்கள் டிசம்பரில் சொல்வதற்குக் காரணமும் இதே வறண்ட காற்றுதான். அந்த வீடே ஒரு பெரிய உலர்த்தி. அரைகுறையாகக் காய்ந்த வில்லையைக்கூட வெப்பமூட்டிக்கு மேலே தொங்கவிட்டால் அந்தக் காற்றே மிச்ச வேலையை முடித்துவிடும்.

சென்னையின் டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதம். 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டரில் சுமார் 18 கிராம் நீராவி. சன்னலைத் திறந்துவைத்தாலும் மூடினாலும் அந்த ஈரம் உள்ளேதான் இருக்கும். ஆரஞ்சு வில்லை இங்கே நமத்துப்போவதும் பூஞ்சை பிடிப்பதும் ஒரு பிழையின் விளைவல்ல, இயற்பியலின் விளைவு.

வீட்டில் ஈரமானி இல்லாதவர்களுக்கு இயற்கை ஒன்று தந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பொறுக்கிவந்த பைன் கூம்பு இருந்தால் வில்லைகளின் அருகே வையுங்கள். அதன் செதில்களில் இரண்டு அடுக்கு உண்டு. ஈரம் பட்டால் ஓர் அடுக்கு நீளும், மற்றது அவ்வளவாக நீளாது. செல்லுலோஸ் இழைகள் இரண்டிலும் வெவ்வேறு கோணத்தில் சுற்றியிருப்பதே காரணம் என்று 1997இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஈரக் காற்றில் கூம்பு மூடிக்கொள்ளும், வறண்ட காற்றில் விரியும். மரத்திலிருந்து விழுந்து எத்தனையோ நாளாகி உயிர் அற்றுப்போன பின்னும் இந்த அசைவு தொடர்கிறது. கூம்பு மூடிக்கிடக்கும் அறையில் ஆரஞ்சு வில்லை நிலைக்காது.

ஆப்பிளின் கதை வேறு மாதிரி. அதன் சதையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று. தண்ணீரில் ஆப்பிள் மிதப்பது இதனால். காற்றிடைவெளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், காய்ந்த ஆப்பிள் ஒருபோதும் ஆரஞ்சுபோல் ஒளிராது. வெண்மையும் மங்கலுமாக, ஓரம் சுருண்டு நிற்கும். குறுக்கே அரிந்தால் நடுவில் விதையறைகள் ஐந்தும் சேர்ந்து நட்சத்திரமாகத் தெரிவதுதான் கிறிஸ்துமஸுக்கு அதைத் தேடவைக்கிறது. அரிந்த ஆப்பிள் பழுப்பாவது சூட்டால் அல்ல. செல்கள் உடைந்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி அங்குள்ள ஃபீனால் பொருள்களைக் காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்து குவினோன்களாக்குகிறது. அவை ஒன்றோடொன்று இணைந்து பழுப்பு நிறமாகின்றன. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சில நிமிடம் ஊறவிட்டால், அதிலுள்ள வைட்டமின் சி குவினோன்களைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது, அமிலம் நொதியை முடக்குகிறது. ஆரஞ்சுக்கு இந்தக் குளியல் தேவையில்லை. தற்காப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

வட அமெரிக்காவில் கிரான்பெரிகளைச் சோளப்பொரியோடு மாற்றி மாற்றிக் கோத்து மரத்தில் சுற்றுவார்கள். கிரான்பெரியை முன்கூட்டிக் காயவைப்பதே இல்லை. மெழுகுப் படலம் மூடிய தோலும், இயற்கையாகவே உள்ள பென்சாயிக் அமிலமும் அது அழுகாமல் மெல்ல வற்ற உதவுகின்றன. பென்சாயிக் அமிலத்தின் உப்பைத்தான் பழரசப் புட்டிகளில் கெடாமலிருக்கச் சேர்க்கிறோம். மாதுளையையும் முழுதாகவே உலர்த்தலாம். வாரக்கணக்கில் ஆகும். தோலிலுள்ள டானின்கள் பூஞ்சையைத் தள்ளிவைக்கின்றன.

முழு ஆரஞ்சில் கிராம்பு குத்தும் வழக்கத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்வீடனிலும் இங்கிலாந்திலும் குழந்தைகள் இதைச் செய்வார்கள். நறுமணப் பொருளைக் கையில் ஏந்திச் சென்றால் கொள்ளைநோய்க் காற்று அண்டாது என்று நம்பிய காலம் ஒன்று ஐரோப்பாவில் இருந்தது. எட்டாம் ஹென்றியின் அமைச்சராக இருந்த கார்டினல் உல்சி, சதையை நீக்கிய ஓர் ஆரஞ்சுக்குள் காடியில் நனைத்த கடற்பஞ்சை அடைத்துக் கையில் வைத்திருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய ஜார்ஜ் கேவெண்டிஷ் பதிந்திருக்கிறார். நோய்க்கு அது மருந்தாகவில்லை. ஆனால் பழத்துக்குக் கிராம்பு உண்மையிலேயே மருந்து. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியான யூஜினால், பூஞ்சையையும் பாக்டீரியாவையும் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு கிராம்பும் தோலில் போடும் துளை, ஈரம் வெளியேறும் வழியாகவும் ஆகிறது. பழம் வற்றும்போது சுருங்கும் என்பதால் கிராம்புகளை நெருக்கமாகக் குத்தாமல் சற்று இடைவெளி விட வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையின் ஈரமான பகுதிகளிலும் இருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான்: சர்க்கரை குறைந்த பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சுச் சதையை உண்டுவிட்டுத் தோலை மட்டும் எடுங்கள். தட்டையாக விரித்து நட்சத்திரம், மணி, இலை என்று வெட்டி, கோக்க ஒரு துளையும் போட்டு, இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துங்கள். பழச்சதையைவிடத் தோலில் சர்க்கரை வெகுவாகக் குறைவு, நார் அதிகம். அதனால் மெதுவாகவே நமக்கும். டிசம்பரில் நம் சந்தைக்கு வரும் நாக்பூர் ஆரஞ்சின் தோல் இதற்கு வெகு பொருத்தம், எளிதாகக் கழன்று வரும். வில்லை வேண்டுமென்றால் தோல் ஒட்டிய சாத்துக்குடியே நல்லது. நாக்பூர் ஆரஞ்சை அரிந்தால் தோல் தனியே, சுளை தனியே பிரிந்துவிடும்.

அடுத்தது வெண்டைக்காய். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் முற்றிக் காய்ந்த வெண்டைக்காய்க்கு வண்ணம் பூசி, அதன் நீண்ட கூரிய முனையைத் தாடியாக்கி, கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை செய்கிறார்கள். சமையலுக்கு உதவாத முற்றல் காய் பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினுமாகிய நார். ஈரக் காற்றில் கொஞ்சம் தளர்ந்தாலும் ஒட்டாது, எறும்பை அழைக்காது. செடியிலேயே முற்றிக் காயவிடுவது மிக நல்லது. காய்ந்த தாமரைக்காயும் பட்டையும் அன்னாசிப்பூவும் அதே வகை. கட்டி வைக்கத் தடித்த பட்டையே ஏற்றது. இலங்கைக் கறுவாவின் மெல்லிய சுருள்கள் வாசனையில் உயர்ந்தவை, ஆனால் நூல் இறுக்கினால் நொறுங்கும். அதைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு வில்லைதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நன்றாக உலர்ந்து ஆறிய உடனே, காற்று தொடுவதற்கு முன், இருபுறமும் அரக்குப் பூச்சு கொடுங்கள். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினிலிருந்து வருவது அது. ஜார்க்கண்ட் மாநிலக் காடுகளில் இன்றும் அறுவடையாகிறது. ஆல்கஹாலில் கரைத்து மெல்லியதாகப் பூசினால் ஈரம் ஏறும் வேகத்தைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. இரவில் எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிட்டு, விருந்தினர் வரும் நாள்களில் மட்டும் தொங்கவிடுங்கள். குளிர்சாதன அறையில் தொங்கவிடுவதும் உதவும். அந்தக் கருவி காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. வெயில் நேராகப் படும் சன்னலில் மட்டும் நாள்கணக்கில் விடாதீர்கள். கரோட்டினாய்டுகள் ஒளியாலும் ஆக்சிஜனாலும் சிதைந்து நிறம் வெளுக்கும்.

மெழுகுவர்த்திக்கு அருகில் இவற்றில் எதையும் தொங்கவிடக் கூடாது. லிமோனீனின் தீப்பற்று வெப்பநிலை 50 டிகிரிக்கும் குறைவு. உலர்த்தும்போது பெரும்பகுதி ஆவியாகிவிட்டாலும், காய்ந்த சர்க்கரையும் செல்லுலோஸும் தாமே நல்ல எரிபொருள்கள். அடுப்பில் உலர்த்தும்போதும் சமையலறைச் சன்னல் திறந்திருக்கட்டும். கடையில் வாங்கும் ஆரஞ்சில் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள் என்பதால், அரிவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மினுமினுப்புத் தூள் தூவ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள். தூவாமல் விட்ட தோலும் வெண்டைக்காயும் பட்டையும் ஜனவரியில் அப்படியே உரக்குழிக்குப் போகலாம். அரக்குப் பூசிய வில்லையும் போகலாம், மக்கச் சற்றுக் கூடுதல் நாள் ஆகும். நூல் மட்டும் பருத்தியாக இருக்கட்டும்.